ராஜபாளையத்திலும் ஒரு பிரசிடெண்ட்

தொண்ணூற்றெட்டாம் வருஷம் முடிகிற சமயத்தில், ஒஹையோவில் எங்கள் ஆபீஸ் சாப்பாட்டு அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அமெரிக்க ஜனாதிபதியைப் பதவியிலிருந்து இறக்கியே தீர வேண்டும் என்பவர்கள் ஜன்னலோர மேஜையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பவர்களுக்கு மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்து மேஜை. தயிர்சாதத்தைச் சூடாக்க வேண்டியதில்லை என்பதால் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதனாலேயே என்னையும் இறக்கும் கட்சியில் சேர்த்துவிட்டார்கள். என் கருத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஜன்னலோர மேஜைக்குத் தலைவி என் மேலதிகாரி மார்கரெட். நாய்ப் பைத்தியம். பொங்கல் சமயத்தில் மதுரையில் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று லீவு கேட்டதும், "மதுரையிலிருந்து ராஜபாளையம் எவ்வளவு தூரம்?" என்றாள். நான் மிரண்டேன். ஏதோ புத்தகத்தில் படித்திருக்கிறாள். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, ஒரே எஜமானிடம் மட்டும் விசுவாசம். அப்படி ஒரு குட்டி வேண்டும், சுத்தமான வம்சம் என்ற சான்றிதழோடு வேண்டும். நாயைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறவள் நான். ஆனால் கேட்ட லீவை மறுபேச்சில்லாமல் கொடுத்தவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

தடுப்பூசி, கூண்டு, விமானம் எல்லாவற்றையும் தான் பார்த்துக்கொள்வதாக மதுரையில் அண்ணன் சொன்னான். குட்டியையும் சான்றிதழையும் வாங்கி வருவது மட்டும் என் வேலை. அவனுக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒரு பெயரும் கொடுத்தார்: சங்கரராஜா, நாட்டு நாய் அபிமானிகள் சங்கத் தலைவர்.

பொங்கல் கழிந்த வாரம் பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயர் பெரிய சத்தத்தோடு போய்விட்டது. "செத்த நேரம் எறங்கி நில்லுங்க" என்றார் டிரைவர். ஒஹையோவில் வண்டி நின்றால் ஆளாளுக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். இங்கே ஜாக்கியை எடுத்து வைப்பதற்குள் பாதி பஸ் டீக்கடையில் உறவு கொண்டாடிக்கொண்டிருந்தது. சூடான வெங்காய வடை, நுரை தளும்பும் டீ. டயர் மெதுவாகவே வரட்டும் என்று நினைத்தேன்.

பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம் கொய்யாக் கூடையோடு ஒரு அம்மா. வத்திராயிருப்புப் பக்கம் ஏதோ ஒரு பட்டிக்காரர், அதே பஸ்ஸில் வந்தவர். இன்னொரு பக்கம் அடர்ந்த மீசையோடு ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர். அவருடைய மொபெட் புண்ணாக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு புளியமரத்தில் சாய்ந்திருந்தது. எதிரில் நின்ற கூட்டாளியிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இந்தப் பிரசிடெண்டை எறக்காம விடப்படாதுலே."

வடை தொண்டையில் நின்றது. பத்தாயிரம் மைலுக்கு இந்தப் பக்கமும் இதே பேச்சா!

"ஆசைப்பட்டது தப்புன்னு நான் சொல்லலை. ஆசைபாசம் எல்லாருக்கும் உள்ளதுதான். ஆனா அம்புட்டுப் பேரும் கூடியிருக்க சபையில கேக்கும்போது, அப்படி ஒண்ணு கெடையவே கெடையாதுன்னு சொன்னாரு பாரு, அங்கதான் நிக்கி விஷயம்" என்றார் மீசை.

மார்கரெட்டே வேட்டி கட்டிக்கொண்டு வந்து பேசுவது போலிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"எங்க ஆபீஸ்லயும் இதையேதான் சொல்றாங்க. செஞ்சதை விட மறைச்சதுதான் பெரிய தப்புன்னு."

மீசை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "கேட்டியாலே! ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு."

"வீட்டுல உள்ளதுகளுக்குத் தெரியுமா?" என்று கொய்யாக்கூடை அம்மா கேட்டார்.

"தெரியாம இருக்குமா? சட்டையே காட்டிக் குடுத்துருமே. நீள நீளமா முடி ஒட்டியிருந்ததை எங்கண்ணால பாத்தேன்."

எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளும் துணிமணியைத்தான் சாட்சியாக வைத்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தன. நான் தலையாட்டினேன்.

"எங்க பிரசிடெண்டும் அப்படித்தான்" என்றார் அந்த அம்மா. "தெருவுக்கு லைட்டு போட்டாச்சுன்னு எங்கிட்டயே சொல்லுதான். இருட்டுல எம் மூஞ்சி தெரிஞ்சிருக்காது."

"நீங்க சொல்லுங்க தாயி, எறக்கணுமா, வேண்டாமா?" என்று மீசை என்னைக் கேட்டார்.

இரண்டு மாதமாக அந்தச் சாப்பாட்டு அறையில் ஒருவரும் கேட்காத கேள்வி. "எறக்கத்தான் வேணும்" என்றேன், மேஜையைத் தட்டாத குறையாக.

"அமெரிக்காம்மா! வண்டி கெளம்புது!" என்று கண்டக்டர் கூப்பிட்டார். என் பையில் தொங்கிய விமானச் சீட்டைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதுதான் பெயர். மீசையின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றதைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேரும் மூன்று வெவ்வேறு பிரசிடெண்டை இறக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ராஜபாளையத்தில் லாட்ஜுக்குப் பக்கத்து ஹோட்டலில் எண்ணெயில் பொரித்த பரோட்டா தின்றேன். அப்பளம் மாதிரி நொறுங்கியது. சால்னா ஊற்ற வந்தவர், "அமெரிக்காவுல இதெல்லாம் கெடைக்காதுல்லா?" என்றார். நான் அமெரிக்கா என்று அவரிடம் சொல்லவே இல்லை.

காலையில் சங்கரராஜா வீட்டுக்குப் போனேன். ஒல்லியான மனிதர், மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருஷமாகிறது. "ராண்டி, ராண்டி" என்று தெலுங்கில் வரவேற்றார். நான் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே நாலைந்து வெள்ளை நாய்கள் குரைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. குரைத்திருந்தால் தேவலை.

"ஒண்ணும் செய்யாது. ஆனா ஓடிராதீக" என்றார்.

ஓடாமல் உள்ளே போய்ச் சேர்ந்தேன். குட்டிகள் பின்கட்டில் இருந்தன. ரொம்பச் சுத்தமான வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குக் காது கேட்காதாம். அவர் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டினார். தட்டிய சத்தத்துக்குத் திரும்பிய ஒரு கடுவன் குட்டி நேராக வந்து என் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. காலை எடுக்க எனக்குத் தைரியமில்லை.

"இதுவே உங்களைப் பிடிச்சிக்கிட்டுதே" என்றார் ராஜா.

சான்றிதழைப் பற்றிக் கேட்டதும் முகம் வாடியது. கையெழுத்து தலைவர் போட வேண்டும், சீல் செயலாளரிடம் இருக்கிறது. செயலாளர் ஞானமுத்து, தீவனக் கடைக்காரர். "அவன் இப்ப எங்கூடப் பேசுறதில்ல" என்றார். பிறகு, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பது மாதிரியே கேட்டார்: "நேத்து டீக்கடையில பேசுனது நீங்கதானாம்மா? என்னைய எறக்கணும்னு சொன்னீகளாம்லா?"

மீசைக்காரர்தான் ஞானமுத்து. அவர்கள் இறக்கப் பார்க்கிற பிரசிடெண்ட் என் எதிரே காபி டம்ளரோடு நிற்கிறார். செருப்பின் மேல் இருக்கிற குட்டி கடித்துவிட்டால் கூட நல்லது, ஆஸ்பத்திரி என்று சொல்லி ஓடிவிடலாம் என்று தோன்றியது.

நான் சொன்னது எங்கள் ஊர் ஜனாதிபதியை என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "அவரு என்னதான்மா பண்ணுனாரு?" என்றார்.

வயதில் பெரியவரிடம் அதை எப்படிச் சொல்வது? "ஒரு விஷயத்தை மறைச்சுட்டார், சார்."

"பெரிய விஷயமா?"

"ஊரைப் பொறுத்தவரை பெரிசில்ல. மறைக்கப் போய்ப் பெரிசாயிடுச்சு."

அவர் குனிந்து குட்டியின் காதைத் தடவினார். "அங்கயும் அப்படித்தானா" என்றார்.

மத்தியானம் கடைவீதியில் ஞானமுத்துவின் தீவனக் கடைக்குப் போனேன். பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே எனக்காக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, கலர் வாங்கி வரச் சொன்னார். "அமெரிக்காவே நம்ம பக்கம்" என்று வந்து போனவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினார். நான் பேசியது வேறு பிரசிடெண்டைப் பற்றி என்று சொன்னேன்.

"இருக்கட்டும் தாயி. நியாயம் ஒண்ணுதான? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு நியாயம் ரெண்டா இருக்கு?"

அவரே விவரத்தைச் சொன்னார். சங்கத்து நிர்வாகிகள் யாரும் வெளிநாட்டு ஜாதி நாய் வைத்திருக்கக் கூடாது என்று விதி. அதை எழுதியதே சங்கரராஜாதான். வருஷா வருஷம் மேடையேறி, நம் மண்ணின் நாயை விட்டுவிட்டு அன்னிய நாயை மடியில் வைத்துக் கொஞ்சுகிறவன் துரோகி என்று முழங்குவாராம். அப்பேர்ப்பட்டவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் ரகசியமாகப் பொமரேனியன் வைத்திருக்கிறார்.

"தெனமும் சாயங்காலம் பஸ் ஏறிப் போறான். மொதல்ல நாங்க வேற மாதிரில்லா நெனச்சோம்" என்று குரலைத் தாழ்த்தினார். "பின்னாலயே போயிப் பாத்தா, பொமேரியன்! பொதுக்கூட்டத்துல நான் எந்திரிச்சு மைக்கிலயே கேட்டேன். தலைவர் வேற நாய் வச்சிருக்காரா? இல்லைன்னுட்டான். எந்த அன்னிய நாயோடயும் எனக்கு ஒட்டுமில்ல உறவுமில்லைன்னான். அவன் சட்டையில முடி பறக்குது, இல்லைங்கான்!"

ஞாயிற்றுக்கிழமை விசேஷக் கூட்டம். தலைவரை நீக்கத் தீர்மானம். அதுவரை சீல் மேஜை டிராயரை விட்டு வெளியே வராது.

எழுந்தபோது கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த போட்டோ கண்ணில் பட்டது. செண்பகத்தோப்பு மலையடிவாரம். கருகருவென்ற மீசையோடு ஒருவர், தோளில் கைபோட்டபடி ஒல்லியாக ஒருவர், நடுவில் ஒரு வெள்ளை நாய். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "அது பழசு" என்றார்.

மறுநாள் காலையில் ராஜாவே லாட்ஜுக்கு வந்தார். "ஞானமுத்து சொன்னதைக் கேட்டாச்சு. கண்ணாலயும் ஒருக்கப் பாத்துருங்க" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றினார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அதைத் துண்டுக்குள் சுற்றி வைத்திருந்தார், யாரும் பார்க்காத மாதிரி. பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

பாதி வழியில் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மொபெட் ஒன்று புகை கக்கிக்கொண்டு வருகிறது. ஞானமுத்து! துண்டால் தலைப்பாகை கட்டினால் மீசை மறைந்துவிடும் என்று நினைத்திருப்பார் போல. கொஞ்ச தூரத்தில் மொபெட் ஆடி நின்றது. அவர் இறங்கிக் குனிந்து சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் செயினை மாத்தித் தொலைன்னு எம்புட்டு நாளாச் சொல்லுதேன்" என்று ராஜா வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பஸ் திரும்பும்வரை அவர் கண் பின்னாலேயே இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலில் பால்கோவா. கடையின் பின்பக்கம் விறகு அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கிண்டுகிறவருடைய கை ஒரு நொடி கூட நிற்கவில்லை. வெதுவெதுப்பாக ஒரு கை வாங்கித் தின்றேன். அமெரிக்காவில் நானும் டப்பாப் பாலில் பால்கோவா செய்து பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரை அந்தக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோயிலில் கூட்டம் இல்லை. ஆண்டாளிடம் எனக்கு ஒரு சீல் வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவள் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டாள்.

தேர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த ரகசிய வீடு. கதவைத் திறந்தவர் ராஜாவின் அக்கா ருக்மணி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருப்பவர். கதவு திறந்த இடுக்கில் பஞ்சுப் பொதி ஒன்று உருண்டு வந்து ராஜாவின் மேல் பாய்ந்தது. சங்கத் தலைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் ராணி, சாப்பிட்டியா? ராத்திரி தூங்கினியா? அக்கா திட்டினாளா?" என்று தெலுங்கில் கொஞ்சினார். மேடையில் முழங்குகிறவர் என்றால் நம்ப முடியாது. புஜ்ஜி என்று பெயர். அவர் பிஸ்கட்டை உடைத்து உடைத்துக் கொடுக்க, அது அவர் சட்டை முழுக்கச் சாட்சியங்களை ஒட்டிக்கொண்டிருந்தது.

"நானாம்மா நாய் கேட்டேன்?" என்றார் டீச்சர். "தனியா இருக்கியே, தொணைக்கு இருக்கட்டும்னு கொண்டாந்து விட்டான். வந்த அன்னைக்கே என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் கடிச்சுத் துப்பிட்டுது. பொறவு பாத்தா, இவன் தெனம் வாரான். எனக்குத் தொணைன்னு சொல்லிட்டு அவனுக்குத் தொணை தேடியிருக்கான்."

"வீட்டுல அத்தனை நாய் இருக்கே, சார்?" என்றேன்.

"அதுக காவல்காரங்கம்மா. கேட்டுப் பக்கம் பாத்துக்கிட்டே நிக்கும். மடியில வந்து உக்காராது" என்றார் ராஜா.

"இதை ஏன்டா இல்லைன்ன?" என்று டீச்சர் விடவில்லை. "வகுப்புல ஒரு பய பொய் சொன்னா முட்டி போட வச்சிருக்கேன். என் தம்பி மைக்கில சொல்லுதான். ஆமா, இருக்குன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதான?"

"வேற எவனும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்க்கா." ராஜா நாயின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார். "ஞானமுத்துல்லா கேட்டான்? இத்தனை வருஷமா எங்கூட மலையேறுனவன். வீட்டுக்கு வந்து, ஏலே என்ன சங்கதின்னு கேட்டிருந்தா நானே கூட்டியாந்து காட்டியிருப்பேன். மைக்கைப் பிடிச்சுக் கேட்டான். வாயில இல்லைன்னு வந்துருச்சு. வந்ததைத் திரும்ப எடுக்கத் தெரியலை."

அந்த நேரம் பார்த்து புஜ்ஜி அவரை விட்டுவிட்டு என் மடியில் ஏறி உட்கார்ந்தது. நான் கல்லாகிவிட்டேன்.

"மூச்சு விடலாம். அது ஒண்ணும் சொல்லாது" என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்துக் கொட்டகையில். வேப்பமரங்களில் உறுப்பினர்களின் நாய்கள் கட்டியிருந்தன. மில் முதலாளி, தறிக்காரர், வாழைத் தோட்டக்காரர், டைலர் என்று சங்கம் முழுக்க வந்திருந்தது. ஒரு பக்கம் தலைவர் கட்சி, எதிர்ப் பக்கம் செயலாளர் கட்சி, நடுவில் நடக்க வழி. எங்கள் சாப்பாட்டு அறை ஞாபகம் வந்தது. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றவளை முன்வரிசையில் தனி நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

தலைவர் கட்சியில் ஒரு வக்கீல் முதலில் எழுந்தார். "விதியில என்ன போட்டிருக்கு? வச்சிருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. வச்சிருக்கிறதுன்னா என்ன அர்த்தம்? தன் வீட்டுல கட்டிப் போட்டுச் சோறு வச்சாத்தான் வச்சிருக்கிறது. அக்கா வீட்டு நாய் தானா வந்து மடியில உக்காந்தா, அது உக்காந்திருக்கு. அம்புட்டுத்தான்."

"பிஸ்கட்டு?" என்று எதிர்ப்பக்கத்து டைலர் கத்தினார்.

"பிஸ்கட்டு சோறு ஆகாது!"

சத்தம் ஓய வெகுநேரமானது. பிறகு வாழைத் தோட்டக்காரர், "அமெரிக்காவுல இதை எப்படிப் பண்ணுதாகன்னு அந்தம்மா சொல்லட்டும்" என்றார். கைதட்டல். நான் எழுந்து, அங்கே ஒரு சபை குற்றம் சாட்டும், இன்னொரு சபை விசாரிக்கும், இறக்குவதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று சொன்னேன். இப்போது குற்றம் சாட்டி முடிந்து, விசாரணை நடக்கிறது என்றும் சொன்னேன். உடனே நம் சங்கத்துக்கு இரண்டு சபை வேண்டாமா என்று விவாதம் கிளம்பியது. நாற்காலியில் இருப்பவர்கள் மேல்சபை, பெஞ்சில் இருப்பவர்கள் கீழ்ச்சபை என்று ஒருவர் யோசனை சொன்னார். பெஞ்சுக்காரர்கள் ஒரே குரலில் எழுந்துவிட்டார்கள். வெளியே நாய்களும் சேர்ந்துகொண்டன. நான் பாட்டுக்குக் கொய்யாப்பழம் வாங்கித் தின்றுகொண்டு கிருஷ்ணன்கோவிலிலேயே இருந்திருக்கலாம்.

கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் போதும் என்று முடிவாயிற்று. ஓட்டுக்கு முன்னால் தலைவர் பேசலாம் என்றார்கள். சங்கரராஜா எழுந்து மைக்கருகே வந்தார். வக்கீல் ஏதோ காகிதத்தை நீட்டினார். ராஜா வாங்கவில்லை.

"வச்சிருக்கேன்" என்றார். "பேரு புஜ்ஜி. அக்காவுக்குன்னு சொல்லி வாங்கினேன். எனக்குத்தான் வாங்கியிருக்கேன்னு இப்பத் தெரியுது. அன்னைக்கு இல்லைன்னது பொய். உங்க இஷ்டம்போலச் செய்ங்க."

தீர்மானம் கொண்டு வந்தவர் முதலில் கை தூக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எல்லாரும் ஞானமுத்துவைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்லா?" அது தீர்மானத்தில் இல்லாத வாசகம்.

"நீ மைக்கு இல்லாமக் கேட்டிருக்கலாம்லா?" என்றார் ராஜா.

இரண்டு மைக்கிலும் அவர்கள் மூச்சு விடுவது கொட்டகை முழுக்கக் கேட்டது. ஞானமுத்து மைக்கைக் கீழே வைத்தார். கை தூக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

டைலர் தூக்கினார். இன்னும் பலர் தூக்கினார்கள். ஆனால் செயலாளர் பக்கமே பலர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. பாதி கூட வரவில்லை. "ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி ஏத்திவிட்டது இவரு! கடைசில கவுத்ததும் இவரு!" என்று டைலர் கோபத்தோடு தன் நாயை அவிழ்த்துக்கொண்டு போனார். போகிற வழியில் என்னிடம் நின்று, "உங்க ஊருல இப்படி நடக்குமாம்மா?" என்றார்.

"நடக்காதுங்க. அங்க எந்த மேஜையில உக்காந்தாங்களோ, கடைசி வரைக்கும் அங்கதான்" என்றேன்.

அன்றே தீவனக் கடையில் டிராயர் திறந்தது. ராஜா கையெழுத்துப் போட, ஞானமுத்து சீலில் மை தடவி, வாயால் ஊதி, அழுத்திப் பதித்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ராஜா போட்ட கையெழுத்து கோணல் என்று ஞானமுத்துவும், சீல் தலைகீழ் என்று ராஜாவும் என்னிடம் சொன்னார்கள்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், தனித்தனியாக. குட்டி ஒரு மூங்கில் கூடையில் என் மடிமேல். வழியில் பால் கொடுக்கலாம் என்றார் ஒருவர், கொடுத்தால் கக்கும் என்றார் ஒருவர். நாய்க்கு டிக்கெட் உண்டா என்று கண்டக்டர் கேட்டதற்கு மட்டும் இருவரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து அவரோடு சண்டை போட்டார்கள். வண்டி கிளம்பப் போகிற நேரம் ராஜா வாழைப்பழம் வாங்கி வருகிறேன் என்று ஓடினார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் சார் கை தூக்கலை?"

ஞானமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மீசையைத் தடவினார். "எறக்கிவிட்டா அவன் பொழுதன்னைக்கும் அக்கா வீட்டுலயே போயிக் கெடப்பான், தாயி. பிரசிடெண்டா இருந்தாத்தான, சண்டை போடவாச்சும் நான் அவன் வீட்டுப் படியேற முடியும்?"

ராஜா பழத்தோடு வந்து ஜன்னல் வழியாக நீட்டினார். "என்னம்மா சொல்லுதான்?" என்றார்.

"உங்களைச் சும்மா விடப் போறதில்லையாம்."

"விட மாட்டான், விட மாட்டான்" என்றார் பிரசிடெண்ட், முகமெல்லாம் மலர்ந்து.